சின்ன டீசலும் ஆட்டோமேட்டிக் கியரும்: கம்பெனி கார் எடுக்கப்போகிறவருக்கு

கம்பெனியில் கார் தருகிறார்கள். பட்டியலில் நாலைந்து வண்டி இருக்கிறது; ஒரு வாரத்துக்குள் ஒன்றை டிக் செய்து அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். “1500 சிசியா? நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும்.” “ஆட்டோமேட்டிக்கா? எரிபொருள் குடிக்கும்.” “டீசல் என்றாலே மைலேஜ்தான், கண்ணை மூடிக்கொண்டு எடு.” மூன்றுமே ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்த பேச்சுகள். இன்றைய வண்டிகளுக்கு அப்படியே பொருத்தினால், பிடிக்காத காரை மூன்று நான்கு வருடம் ஓட்ட வேண்டிவரும்.

சின்ன டீசல் எஞ்சினுக்குப் பெரிய பலம் ஒன்றும், அதே அளவு பெரிய பலவீனம் ஒன்றும் உண்டு. அந்தப் பலவீனம் உங்கள் கண்ணில் படாமலே போவதும், தினமும் காலையில் வந்து எரிச்சலூட்டுவதும் கூடவே வரும் கியர்பாக்ஸைப் பொறுத்தது. ஆகவே எஞ்சினைத் தனியாகவும் கியர்பாக்ஸைத் தனியாகவும் எடைபோட்டுப் பயனில்லை, ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று முதலிலிருந்து பார்ப்போம்.

டீசல் எப்படிப் பற்றிக்கொள்கிறது

சைக்கிளுக்கு வேகவேகமாகக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் கை சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதுதான் காரணம். டீசல் எஞ்சின் முழுக்க இந்த ஒரு விஷயத்தின்மேல் நிற்கிறது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்குகிறது. காற்று 500 டிகிரிக்கும் மேலே சூடாகிவிடும். அந்த நொடியில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் பொறி தட்ட ஸ்பார்க் பிளக் வேண்டாம். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இதே வழியில்தான் ஓடியது.

இவ்வளவு நசுக்குவதால் எரிபொருளில் இருந்து அதிக வேலை கிடைக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் காற்று வரும் வழி பாதி மூடியிருக்கும்; அந்த இடுக்கு வழியே காற்றை இழுக்கவே எஞ்சின் பாடுபட வேண்டும். டீசலில் அந்தத் தொல்லை இல்லை. காற்று தாராளமாக வரும், டீசலின் அளவு மட்டும் கூடிக் குறையும். நிதானமாக ஓட்டும்போது டீசல் வண்டி மைலேஜில் முந்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்து சதவீதம் அதிக ஆற்றல் இருப்பது இன்னொன்று.

ஆனால் எரிவதற்கு டீசலுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அழுத்தத்தைத் தாங்க உள்ளே இருக்கும் பாகங்களும் கனமாக இருக்கும். அதனால் இந்த எஞ்சின் ரொம்ப வேகமாகச் சுற்றாது. பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றைத் தாண்டி உற்சாகமாகப் போகும்போது, கார் டீசல் 4500 பக்கத்திலேயே களைத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் கதை இங்கேதான் தொடங்குகிறது.

டார்க் என்றால் என்ன, குதிரைத்திறன் என்றால் என்ன

டயர் மாற்றும்போது நட்டைக் கழற்ற ஸ்பேனரை மிதிக்கிறோமே, அந்தத் திருகும் பலம்தான் டார்க். தமிழில் முறுக்குவிசை. நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள். 250 நியூட்டன் மீட்டர் என்று படித்தால் மனதில் எதுவும் தோன்றாது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 25 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் மறுமுனையில் இருக்கும் நட்டின்மேல் எவ்வளவு திருகல் விழுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன் என்பது அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை தடவை செய்ய முடிகிறது என்பதையும் சேர்த்த கணக்கு. டார்க்கைச் சுற்றுவேகத்தால் பெருக்கி, ஒரு மாறாத எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். அவ்வளவுதான், இரண்டும் தனித்தனி சக்திகள் கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. 110 குதிரைத்திறன் உள்ள 1.5 லிட்டர், அதாவது 1500 சிசி டீசல் ஒன்று, அதே 110 உள்ள, டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம்) இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் ஒன்று. காகிதத்தில் இரண்டும் சமம். ஆனால் டீசல் 1750 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் தரும். அந்த இடத்தில் அது கையில் வைத்திருப்பது சுமார் 62 குதிரைத்திறன். பெட்ரோல் எஞ்சின் அதே 1750இல் 130 நியூட்டன் மீட்டர் தந்தால் பெரிது. 32 குதிரைத்திறன் வரும். பாதிதான். தன்னுடைய முழு 110ஐயும் காட்ட பெட்ரோல் 6000 சுற்று வரை கத்த வேண்டும். நாம் தினசரி ஓட்டுவதோ 1500க்கும் 2500க்கும் இடையில்.

“சின்ன டீசலுக்கு இழுவை கிடையாது” என்ற பேச்சு டர்போ இல்லாத பழைய டீசல்களின் காலத்தில் பிறந்தது. இன்றைய 1.5 லிட்டர் எஞ்சின் நாலு பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மேடு ஏறும். இன்றைய டர்போ பெட்ரோல்களும் குறைந்த சுற்றில் நன்றாகவே இழுக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் டீசலின் முன்னிலை இவ்வளவு பெரிதாக இருக்காது.

டர்போவும் அதன் பள்ளமும்

சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு பலம் எப்படி? சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறார்கள். இதுதான் டர்போ. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும் சாமான் அது. காற்று அதிகம் என்றால் டீசலும் அதிகம் பீய்ச்சலாம், பலமும் கூடும். ரெனோவின் 1461 சிசி டீசல் 2001இல் வந்தது. அந்தச் சின்ன எஞ்சின் நிசான் கார்களில் ஓடியது, பின்னால் மெர்சிடிஸ் பென்ஸ் ஏ கிளாஸிலும் உட்கார்ந்தது. சிசியை வைத்து வண்டியின் தரத்தைக் கணிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு அதுவே போதும்.

சரி, பலவீனம் எங்கே? காற்றாடி சுற்றப் புகை வேண்டும். எஞ்சின் 1000 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது புகை குறைவு, டர்போ தூங்கும். அப்போது நீங்கள் ஓட்டுவது டர்போவே இல்லாத வெறும் 1.5 லிட்டர் டீசல். ஆக்சிலரேட்டரை மிதிப்பீர்கள், ஒன்றும் நடக்காது. ஒரு நொடி கழித்து வண்டி திடீரென்று பாயும். இந்தத் தாமதத்தை டர்போ லேக் என்பார்கள். பெரிய எஞ்சினில் டர்போ விழிக்கும் வரை தாங்கிக்கொள்ளச் சொந்தப் பலம் இருக்கும். சின்ன எஞ்சினில் அது குறைவு. ஆகவே பள்ளம் ஆழமாகத் தெரியும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: சின்ன டீசல் 1500 சுற்றுக்குக் கீழே சோம்பேறி, 4000க்கு மேலே களைப்பாளி, நடுவில் பலசாலி. அந்த நடுப்பகுதிக்குள்ளேயே எஞ்சினை வைத்திருப்பது கியர்பாக்ஸின் வேலை.

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பெயரில் நாலு பெட்டிகள்

கிளட்ச் மிதி இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஆட்டோமேட்டிக் என்றே பெயர். உள்ளே இருப்பதோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு விதமான யந்திரங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. “என் அண்ணன் ஆட்டோமேட்டிக் வைத்திருந்தான், தலையை ஆட்டி ஆட்டியே போகும்” என்று ஒருவர் சொன்னால், எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

முதலாவது, டார்க் கன்வெர்ட்டர் உள்ள பெட்டி. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய், விசிறிக்குப் பதில் இறக்கைகள். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் தொடர்பு இதுதான். இரும்பும் இரும்பும் உரசாததால் நகர்வது வெண்ணெய்போல் இருக்கும். சின்ன டீசலுக்கு இதில் இன்னொரு வரம் உண்டு. நடுவில் இருக்கும் மூன்றாவது இறக்கைச் சக்கரம் எண்ணெயைத் திருப்பிவிடுவதால், வண்டி கிளம்பும் அந்த நொடியில் எஞ்சினின் டார்க் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை பெருகிச் சக்கரத்துக்குப் போகும். அதாவது டர்போ தூங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இது முட்டுக்கொடுக்கிறது. பள்ளத்தை மண் போட்டு மூடியதுபோல.

இந்தப் பெட்டியைப் பற்றித்தான் “எரிபொருள் குடிக்கும்” என்ற பழி. மூன்று, நாலு கியர் மட்டும் இருந்த பழைய பெட்டிகளில், எண்ணெய் வழியாகவே ஓயாமல் சக்தி போனதால் அதில் ஒரு பங்கு வழியிலேயே சூடாக வீணாகும். இப்போது ஆறு, எட்டு கியர்கள் வந்துவிட்டன. நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே லாக்கப் கிளட்ச் என்ற பூட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்புறம் கையால் கியர் மாற்றும் வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், சின்ன டீசலுக்கு மனப்பொருத்தம் உள்ள ஜோடி இதுதான். பட்டியலில் இருந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, ஏஎம்டி. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் உங்களுக்குப் பதில் ஒரு சிறு யந்திரக் கை இருக்கிறது. விலை குறைவு, எடை குறைவு, மைலேஜ் மேனுவலுக்குச் சமம். ஆனால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் கிளட்ச் விடுபட்டு இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். டர்போ டீசலில் அந்தக் கணத்தில் காற்றழுத்தமும் இறங்கிவிடுவதால், அடுத்த கியர் விழுந்தபிறகு திரும்ப ஏற இன்னொரு கணம் ஆகும். பக்கத்தில் இருப்பவர் தலை முன்னால் போய்ப் பின்னால் வருவது இதனால்தான். கியர் மாறும் நேரம் பார்த்துக் காலை லேசாக எடுத்தால் ஆட்டம் பெருமளவு குறையும். பழகியவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் கம்பெனி வண்டியை எல்லோரும் பழகியா ஓட்டுவார்கள்?

மூன்றாவது, இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் ஒரு கிளட்சில். இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றில். நீங்கள் மூன்றில் போகும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. ஃபோக்ஸ்வாகன் 2003இல் கோல்ஃப் ஆர்32 காரில் இதைக் கொண்டுவந்தது. இழுவை அறுபடாததால் டர்போவும் விழித்தபடியே இருக்கும். ஓடும் வண்டியில் இதை மிஞ்ச ஆள் குறைவு.

சிக்கல் ஓடாதபோதுதான். இதில் எண்ணெயில் நனைந்த கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரண்டு வகை. உலர் கிளட்ச் சிக்கனமானது, சின்ன எஞ்சின்களுக்கு அதைத்தான் அதிகம் வைக்கிறார்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். தாங்கக்கூடிய டார்க்குக்கும் எல்லை உண்டு. ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் பெட்டிக்கு அது 250 நியூட்டன் மீட்டர். நனைந்த வகை சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்கு அந்த எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. உங்கள் வழி நெரிசல் மிகுந்தது என்றால் உலரா நனைந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாலாவது, சிவிடி. இதில் கியர்களே இல்லை. அகலம் மாறும் இரண்டு புல்லிகளும் நடுவே ஒரு உலோகப் பட்டையும். வழுவழுப்பில் இதற்கு இணை கிடையாது. ஆனால் டீசலின் டார்க்கைப் பட்டை தாங்குவது கடினம் என்பதால் இந்த ஜோடி அபூர்வம். 2018இல் வந்த ஹோண்டா அமேஸ் டீசலைப் பாருங்கள். மேனுவலில் 100 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தந்த அதே 1.5 லிட்டர் எஞ்சினை, சிவிடியோடு விற்கும்போது 80க்கும் 160க்கும் இறக்கித்தான் கொடுத்தார்கள். எஞ்சின் பெயரைப் படித்து ஏமாறாமல், ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கும் அந்த வரியில் என்ன டார்க் எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

சுருக்கமாக, கிளம்பும்போது முட்டுக்கொடுப்பது டார்க் கன்வெர்ட்டர். ஓடும்போது கெட்டிக்காரன் இரட்டைக் கிளட்ச். செலவில் சிக்கனம், சுகத்தில் சமரசம் ஏஎம்டி. டீசலோடு அரிதாகச் சேர்வது சிவிடி.

யாரும் சொல்லாத வடிகட்டி

கம்பெனி கார் விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்தப் பகுதி. இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எரிக்கச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நகரத்துக்குள் மெல்ல ஓடும் வண்டியின் புகை அதில் பாதிச் சூட்டைக்கூட எட்டுவது அரிது. ஆகவே எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சிச் சூட்டை ஏற்றும். இந்த வேலை முடியப் பத்து இருபது நிமிடம் வண்டி தொடர்ந்து ஓட வேண்டும்.

நடுவில் அணைத்தால் பாதி வெந்த கதை. அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து முயலும். இப்படிப் பலமுறை அறுபட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். இப்படி எரிக்கும் வேலை நடக்கும்போது வண்டி சாடை காட்டும். சிக்னலில் நிற்கையில் 800இல் இருக்க வேண்டிய சுற்று 1000 பக்கம் நிற்கும். வழக்கமாக நின்றதும் தானாக அணையும் எஞ்சின் அன்றைக்கு அணையாது. அணைத்து இறங்கியபிறகும் முன்னால் ஃபேன் இரைந்துகொண்டிருக்கும், சூடான வாடை வரும். நானே முன்பு இதை ரேடியேட்டர் கோளாறு என்று நினைத்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன். அந்தச் சாடை தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

இங்கேயும் கியர்பாக்ஸ் வருகிறது. ஆட்டோமேட்டிக் எப்போதும் மைலேஜையே குறிவைத்து, சீக்கிரமாகப் பெரிய கியருக்குப் போய்ச் சுற்றை 1300, 1400 என்று தாழ்வாக வைத்துக்கொள்ளும். புகை சூடாகாது. வடிகட்டி விளக்கு எரிந்தால், சாலை காலியாக இருக்கும்போது ஸ்போர்ட் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி, 2000க்கு மேல் சுற்று நிற்கும்படி கால்மணி நேரம் சீராக ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

ஆகவே டீசல் எடுக்கலாமா என்ற கேள்விக்கு, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஒரு தடவை கிளப்பினால் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடுகிறது என்பது நல்ல அளவுகோல். தினம் ஐந்து இடங்களுக்குப் பத்துப் பத்து நிமிடமாகப் போகிறவர் வருடத்தில் நிறையத் தூரம் ஓட்டியிருப்பார். ஆனால் எஞ்சின் ஒருமுறைகூட முழுசாகச் சூடாகியிருக்காது. அவருக்கு டீசல் வேண்டாம் என்றே சொல்வேன். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போகிறவருக்குச் சின்ன டீசல் தங்கம்.

கம்பெனி வண்டி என்பதால் வரும் விஷயங்கள்

சொந்த வண்டி என்றால் விளக்கு எரிந்த அன்றே பதறுவோம். பல கைகள் ஓட்டும் வண்டியில் “அவர் பார்த்துக்கொள்வார்” என்று விளக்கு மாதக்கணக்கில் எரியும். வடிகட்டி அடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாவியைக் கைமாற்றும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆட்புளூ என்ற திரவம் வேண்டிய வண்டிகளும் உண்டு. 32.5 சதவீத யூரியா கலந்த நீர் அது, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க. அதற்குத் தனித் தொட்டி, பெரும்பாலும் நீல மூடி. தீரப்போகிறது என்றால் வண்டி முன்கூட்டியே எச்சரிக்கும். கேட்காமல் விட்டால், அணைத்த வண்டி மறுபடி கிளம்பாது. தெரியாமல் டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் கிளப்பவே கூடாது, இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். யார் வாங்குவது, யார் நிரப்புவது என்று வண்டி வந்த அன்றே பேசிவிடுங்கள்.

வரி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் பல நாடுகளில் கம்பெனி கார் வரி, வண்டி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தது. ஒரே காரின் மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் அந்த எண் வேறாக இருக்கும். பெரிய சக்கரம் கேட்டால்கூட மாறும். நீங்கள் கேட்கும் அதே வண்டிக்கான எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் எடை. 250 நியூட்டன் மீட்டர் 1300 கிலோ காரில் தாராளம். அதே எஞ்சினை 1700 கிலோ எஸ்யூவியில் வைத்தால் மூச்சு வாங்கும் என்று சொன்னவர் ஜெயித்துவிடுவார். எஞ்சின் சின்னது என்றால் உடம்பையும் சின்னதாக எடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூமில் வழக்கமாகக் கூட்டிப்போகும் நேர்சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஒரு மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோங்கள். பின்னால் உருள்கிறதா, நிற்கிறதா, தானே மெல்ல முன்னேறுகிறதா? டார்க் கன்வெர்ட்டர் பெரும்பாலும் நிற்கும் அல்லது நகரும். மற்றவை வண்டியில் இருக்கும் பிடிப்பு வசதியை நம்பி ஓரிரு நொடி நிற்கும். எந்த வண்டியானாலும் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திவைக்காதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். கிளட்ச் கருகுவது அங்கேதான்.

அடுத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கையில் சட்டென்று மிதியுங்கள். ரவுண்டானாவுக்குள் நுழையும்போது தினமும் நடப்பது இதுதான். மிதித்ததற்கும் முதுகில் தள்ளல் தெரிவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளியில் டர்போ லேக்கும் கியர்பாக்ஸின் யோசனை நேரமும் சேர்ந்தே இருக்கும்.

கடைசியாக, ஒரு சரிவில் பின்னோக்கி எடுத்துச் சுவரை ஒட்டி நிறுத்திப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர், இன்னும் ஐந்து என்று உங்கள் கால் கேட்ட அளவுக்கு வண்டி நகர்கிறதா, அல்லது தயங்கித் தயங்கிச் சட்டென்று குதிக்கிறதா என்று கவனியுங்கள். இறங்கியதும் முன் சக்கரத்தின் பக்கம் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கருகிய வாடை வந்தால், வேறு பெட்டி உள்ள வண்டியை அதே சரிவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.